குறைந்த செலவில் குறுந்தூர ரேடியோ போர்டு: முதல் கணக்கிலிருந்து கடைசிச் சோதனை வரை

என் முதல் ரேடியோ போர்டு நான்கு மீட்டர் தூரம்தான் பேசியது. சிப்பில் குறையில்லை, டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) போட்டிருந்ததெல்லாம் உண்மைதான். ஆன்டெனாவுக்கு அடியில் நானே கவனமாகப் பரப்பி வைத்திருந்த கிரவுண்டு (சுற்றின் பொதுத் தரை இணைப்பு) செம்புதான் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது, கத்தியால் அதைச் சுரண்டி எடுத்ததும் அதே போர்டு வீட்டைத் தாண்டித் தெருமுனை வரை பேசியது. சிப்பைத் தேர்ந்தெடுக்க நான் செலவழித்த நாட்களில் பாதியை அந்தச் செம்பைப் பற்றி யோசிக்கச் செலவழித்திருக்கலாம்.

மலிவான ரேடியோ என்றால் மலிவான சிப் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரு சிப்புக்கும் இன்னொரு சிப்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. தூரம் கிடைப்பதும் போவதும் காசே கேட்காத இடங்களில்தான்: கிரவுண்டை எப்படி விரிக்கிறோம், ஆன்டெனாவைச் சுற்றி எவ்வளவு காலி இடம் விடுகிறோம், அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டலின் பிழையை எப்படிச் சமாளிக்கிறோம், ஒரு கெபாசிட்டரை எங்கே வைக்கிறோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சின்ன உணரி, நிமிடத்துக்கு ஒரு தடவை 8 பைட் தகவல் அனுப்ப வேண்டும். சிஆர்2032 பொத்தான் பேட்டரியில் ஓட வேண்டும். வாங்கிக்கொள்ளும் போர்டு 100 மீட்டர் தள்ளி, நடுவில் இரண்டு சுவர். சரி, தொடங்கலாம்.

1. அலைவரிசையை முடிவு செய்யுங்கள்

உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசைகளில் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆகியவைதான் மலிவான சிப்கள் கிடைக்கிற இடங்கள். இதில் 2.4 மட்டும்தான் ஏறக்குறைய உலகம் முழுக்கச் செல்லும். மற்றவை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 433.05 முதல் 434.79 வரை 10 மில்லிவாட், 868.0 முதல் 868.6 வரை 25 மில்லிவாட், அதுவும் மொத்த நேரத்தில் 1 சதவீதம் மட்டுமே ஒலிபரப்பலாம். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை தாராளம், ஆனால் 433-ல் மிகக் குறைந்த சக்தியும் எவ்வளவு நேர இடைவெளி விட்டு அனுப்பலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. போர்டு வரைவதற்கு முன் உங்கள் நாட்டு விதியைப் படித்துவிடுங்கள். அலைவரிசை மாறினால் ஆன்டெனா மாறும், மேட்சிங் (சிப்பையும் ஆன்டெனாவையும் பொருத்தும் பாகங்கள்) மாறும், கிட்டத்தட்ட வேறு போர்டுதான்.

இயற்பியல் பக்கம் பார்த்தால், தடையில்லாத வெளியில் 100 மீட்டருக்கு 433-ல் இழப்பு 65 டெசிபெல், 2.4-ல் 80 (டெசிபெல் விகிதத்தைச் சொல்லும் அளவு, 10 டெசிபெல் என்றால் சக்தியில் பத்து மடங்கு). அந்த 15 டெசிபெல்லைக் காற்று விழுங்குவதாகப் பலர் சொல்வார்கள், அது தவறு. அலை நீளம் குறையும்போது அதற்கேற்ற ஆன்டெனாவும் சிறுக்கிறது, சின்ன ஆன்டெனா பிடிக்கிற பரப்பும் சின்னது. மழை பெய்யும்போது வைத்த பாத்திரத்தின் வாய் சிறியதென்றால் தண்ணீர் குறைவாகத்தான் சேரும், மழை குறைந்துவிட்டது என்று ஆகாது.

ஒரே அறைக்குள் 10 மீட்டர் என்றால் 2.4-ஐ எடுங்கள், ஆன்டெனாவைப் போர்டிலேயே வரைந்துவிடலாம். சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் கீழே இறங்குங்கள். நம் உதாரணத்துக்கு 433.

2. தூரத்தைக் காகிதத்தில் நடந்து பாருங்கள்

இதைச் செய்யாமல் சிப் வாங்காதீர்கள். பத்து நிமிட வேலை.

அனுப்பும் சக்தி +10 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்), அதாவது 10 மில்லிவாட். சின்னப் போர்டில் ஆன்டெனா ஒருபோதும் முழுத்திறனோடு வேலை செய்யாது, பக்கத்துக்கு 5 டெசிபெல் கழியுங்கள். வெளி இழப்பு 65. இரண்டு சுவருக்கு 20. அப்புறம் அலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்கிற இடங்கள் வரும், போர்டை ஒரு சாண் நகர்த்தினாலே சிக்னல் செத்துப் பிழைக்கும், அதற்கு ஒரு 20 கையிருப்பு. எல்லாம் கழித்தால் ரிசீவருக்கு வந்து சேருவது -105 டிபிஎம்.

இவ்வளவு மெல்லிய சிக்னலை ஒரு ரிசீவரால் கேட்க முடியுமா? ஒரு ஹெர்ட்ஸுக்கு வெப்ப இரைச்சல் -174 டிபிஎம். ரிசீவர் எவ்வளவு அகலமாகக் காதைத் திறந்து வைத்திருக்கிறதோ அவ்வளவு இரைச்சல் உள்ளே வரும்: 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 50 டெசிபெல் சேர்ந்து -124. மலிவான சிப்பின் சொந்த இரைச்சல் 8, பிட்டைப் பிழையின்றிப் படிக்க 10. கடைசியில் -106. ஆக, கணக்கு விளிம்பில் நிற்கிறது, ஆனாலும் நிற்கிறது.

இதே கணக்கை 2.4-ல் என்ஆர்எஃப்24எல்01+ சிப்புக்குப் போடுங்கள். சக்தி 0 டிபிஎம், 250 கிலோபிட் வேகத்தில் உணர்திறன், அதாவது கேட்க முடிகிற மிக மெல்லிய சிக்னல், -94. ஆன்டெனாவுக்கு மொத்தம் 4 கொடுத்து மீதியை அப்படியே வைத்தால் -124 வரும், 30 டெசிபெல் பள்ளம். எந்தப் புரோகிராம் லைப்ரரியை மாற்றினாலும் அந்தப் பள்ளம் தூராது. ஆனால் அதே அறையில் 10 மீட்டருக்கு, சுவர் இல்லாமல், அதே 20 கையிருப்போடு -84 வரும், அங்கே அந்தச் சிப் தாராளமாக வேலை செய்யும்.

இரண்டு போர்டும் தரையோடு தரையாக இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். தரையில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையை அடித்துவிடுவதால், தூரம் இரட்டிப்பானால் 6-க்குப் பதில் 12 டெசிபெல் போகும். மாறாக, ஒரு பக்க ஆன்டெனாவின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் 6 திரும்பக் கிடைக்கும். ரிசீவரைச் சுவரில் உயர ஆணியடித்து மாட்டுவதைவிட மலிவான ஆம்ப்ளிஃபயரை நான் இதுவரை பார்த்ததில்லை.

3. சிப்

கணக்கு முடிந்துவிட்டதால் இது எளிது. 433-க்கு சிசி1101 பழையது, நம்பகமானது, 1.8 முதல் 3.6 வோல்ட் வரை ஓடும், அதைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். எஸ்எக்ஸ்1276 போன்ற லோரா சிப்கள் வேகத்தைத் தியாகம் செய்து மிக மெல்லிய சிக்னலையும் கேட்கும், கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டுமென்றால் அதுதான், 100 மீட்டருக்கு அவசியமில்லை. இன்னும் மலிவாக, ‘சா’ (எஸ்ஏடபிள்யூ, பரப்பு ஒலி அலை) ரெசனேட்டர் வைத்த டிரான்ஸ்மிட்டரும் சூப்பர் ரீஜெனரேட்டிவ் ரிசீவரும் ஜோடியாகக் கிடைக்கும். அந்த ரிசீவர் சுற்றின் அடிப்படை 1922-ல் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்தது, ஒரே டிரான்சிஸ்டரில் அவ்வளவு பெருக்கம் தருவதைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆனால் காது மிக அகலம், சுற்றுமுற்றும் நடக்கிற எல்லாச் சத்தத்தையும் கேட்கும். கற்றுக்கொள்ள வாங்குங்கள், பொருளாகச் செய்ய வேண்டாம்.

இன்னொரு கேள்வி: சிப்பா, ரெடிமேட் மாட்யூலா? சில நூறு போர்டுக்குள் என்றால் சான்றிதழ் பெற்ற மாட்யூலை வாங்கிவிடுங்கள். சிப்பில் மிச்சம் பிடிக்கிற காசு சான்றிதழ்ச் சோதனையிலும் இரண்டாவது மூன்றாவது போர்டிலும் போய்விடும். மாட்யூல் வாங்கினாலும் கீழே பவர், ஆன்டெனா பற்றிச் சொல்வதெல்லாம் பொருந்தும்.

4. கிரிஸ்டல்: மலிவு விலையில் ஒளிந்திருக்கும் செலவு

மலிவான கிரிஸ்டல் ±20 பிபிஎம் பிழையோடு வரும், அதாவது பத்து லட்சத்தில் இருபது. அனுப்புகிற போர்டு ஒரு பக்கமும் வாங்குகிற போர்டு எதிர்ப்பக்கமும் விலகினால் 40 பிபிஎம், 433.92-ல் 17.4 கிலோஹெர்ட்ஸ். இரு திசையிலும் விலகலாம் என்பதால் ரிசீவரின் ஃபில்டரை 35 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகத் திறக்க வேண்டும், திறந்தால் இரைச்சலும் கூடவே வரும். 868-க்குப் போனால் இது இரட்டிப்பு.

விலை கூடிய கிரிஸ்டல் வாங்காமலே இதைச் சரிசெய்யலாம். ஒவ்வொரு போர்டையும் சோதிக்கும்போது அதன் பிழையை அளந்து, திருத்த எண்ணைப் போர்டை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் நினைவகத்தில் எழுதிவிடுங்கள். சிசி1101-ல் 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குச் சுமார் 1.6 கிலோஹெர்ட்ஸ் படிகளில் திருத்தும் ரெஜிஸ்டர் இருக்கிறது. அதன்பிறகு மிஞ்சுவது வெப்பநிலை மாற்றமும் வயதும் மட்டும்.

கிரிஸ்டலின் இரு கால்களிலும் போடும் கெபாசிட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு 22 பிகோஃபாரட் என்று போடாதீர்கள். கிரிஸ்டல் கேட்கும் சுமை 12 பிகோஃபாரட், டிராக்கிலும் (போர்டின் செம்புப் பாதை) காலிலும் தானாக இருப்பது ஒரு 3 என்றால், மீதி 9, இரண்டு கெபாசிட்டரும் தொடரில் நிற்பதால் ஒவ்வொன்றும் 18. தவறான மதிப்பு போட்டால் எல்லாப் போர்டும் ஒரே பக்கம் விலகும். அனுப்புவதும் வாங்குவதும் சேர்ந்தே விலகினால் ஒன்றோடொன்று நன்றாகப் பேசும், வேறு வடிவமைப்போடு பேச வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

5. வேகமும் பேட்டரியும் ஒரே கணக்கு

மெதுவாக அனுப்பினால் தூரம் கூடும், சரி. எவ்வளவு விலை கொடுத்து? நம் செய்தியில் ரிசீவரைத் தயார்ப்படுத்தும் முன்னொலி 4 பைட், செய்தி தொடங்குமிடத்தைக் காட்டும் ஒத்திசைவுச் சொல் 4, நீளம் 1, தகவல் 8, பிழைச் சரிபார்ப்பு 2, ஆக 19 பைட், 152 பிட். 4.8 கிலோபிட் வேகத்தில் 32 மில்லிசெகண்ட் பிடிக்கும். அனுப்பும்போது 30 மில்லிஆம்பியர் என்றால் நிமிடத்துக்கு ஒரு தடவைக்குச் சராசரி 16 மைக்ரோஆம்பியர், தூக்கத்துக்கு 1 சேர்த்துக்கொண்டால் 220 மில்லிஆம்பியர் மணி உள்ள சிஆர்2032 ஒன்றரை வருடம்.

38.4 கிலோபிட்டில் அதே செய்தி 4 மில்லிசெகண்டில் முடிந்துவிடும், சராசரி 2 மைக்ரோஆம்பியர்தான். உணர்திறனில் போவது? 4.8-க்கு 58 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் போதும், -108 கிடைக்கும். 38.4-க்கு 135 வேண்டும், கிடைப்பது -105-ஐவிடச் சற்று மோசம். மூன்று நான்கு டெசிபெல்லைக் கொடுத்துவிட்டு அனுப்பும் செலவை எட்டில் ஒரு பங்காக்குகிறோம். நான் கண்ணை மூடிக்கொண்டு 38.4-ஐ எடுப்பேன், போன டெசிபெல்லை ஆன்டெனாவில் பிடித்துக்கொள்ளலாம்.

பொத்தான் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு, உள்மின்தடை அதிகம். புதிதில் 10, 20 ஓம், தீரத் தீர ஏறிக்கொண்டே போகும். 20 ஓமில் 30 மில்லிஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட் சரியும். 50 ஓம் ஆனதும் அனுப்பத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே கன்ட்ரோலர் விழுந்து எழும், நீங்கள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். பேட்டரிக்கு இணையாக 100 முதல் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். ஆனால் அதன் கசிவைப் பாருங்கள். சாதாரண எலக்ட்ரோலிடிக்கின் டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச வரம்பே 3 மைக்ரோஆம்பியர் என்று போட்டிருப்பார்கள், போர்டு முழுவதும் தூங்கும்போது குடிப்பதைவிட அது அதிகம். நடைமுறையில் கசிவு குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் அளந்து பார்த்துத்தான் போடுங்கள், அல்லது செராமிக் கெபாசிட்டர்கள் சிலவற்றை இணையாகப் போடுங்கள்.

வோல்டேஜை நிலைப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் ஓட முடிந்தால் ஓட்டுங்கள். 1117 வகை ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லிஆம்பியர் குடிக்கும், அந்தப் பேட்டரி இரண்டு நாள் தாங்காது.

6. போர்டு வரைவது

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். சிப் தயாரிப்பாளர் வெளியிட்ட மாதிரி வடிவமைப்பை எடுத்து, சிப்பிலிருந்து ஆன்டெனா வரை உள்ள பகுதியை அச்சு மாறாமல் நகலெடுங்கள். கெபாசிட்டர், இண்டக்டர் மதிப்பு மட்டுமல்ல, அவற்றின் இடம், திசை, வியாக்கள் (அடுக்குகளை இணைக்கும் செம்புத் துளைகள்) எல்லாமே. இதில் கௌரவம் பார்க்காதீர்கள். ஒரு வியாவுக்குக் கிட்டத்தட்ட 1 நானோஹென்றி, 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 15 ஓம். ஒரு கெபாசிட்டரின் கிரவுண்டு வியாவை நான்கு மில்லிமீட்டர் தள்ளி வைத்தீர்களென்றால் நீங்கள் வரைந்தது வேறு சர்க்யூட்.

இரண்டு அடுக்குப் போர்டு போதும். மேல் அடுக்கில் பாகங்களும் டிராக்குகளும், கீழ் அடுக்கு முழுவதும் கிரவுண்டு, ரேடியோப் பகுதிக்குக் கீழே ஒரு டிராக்குகூடக் கடந்து போகக் கூடாது. சிப்பின் வயிற்றில் இருக்கும் உலோகப் பேடைப் பல வியாக்களால் கீழே இறக்குங்கள். பவர் கால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெபாசிட்டர், காலை ஒட்டி. மேட்சிங் பகுதியில் சி0ஜி வகைச் செராமிக் கெபாசிட்டர்தான் போட வேண்டும், எக்ஸ்7ஆர் போட்டால் மதிப்பு வெப்பத்தோடும் வோல்டேஜோடும் அலையும்.

ஆன்டெனாவுக்குப் போகும் டிராக் 50 ஓம் மின்மறுப்போடு இருக்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். 1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்4 (வழக்கமான கண்ணாடி இழை) போர்டில் அது 3 மில்லிமீட்டர் அகலம் வரும், சிப்பின் காலைவிடப் பல மடங்கு. 433-ல் போர்டுக்குள் அலை நீளம் சுமார் 38 சென்டிமீட்டர், அதில் இருபதில் ஒரு பங்கு 2 சென்டிமீட்டர். உங்கள் டிராக் 1 சென்டிமீட்டர்தான் என்றால் அகலத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 2.4-ல் அதே இருபதில் ஒரு பங்கு வெறும் மூன்றரை மில்லிமீட்டர், அங்கே கட்டாயம் கணக்கிடுங்கள், முடிந்தால் மெல்லிய போர்டு எடுங்கள்.

ஆன்டெனாவுக்கு முன் மூன்று பாகங்களுக்கு இடம் விடுங்கள்: சிக்னல் பாதையில் தொடராக ஒன்று, அதன் இரு பக்கமும் கிரவுண்டுக்கு ஒவ்வொன்று. முதலில் நடுவில் 0 ஓம் மின்தடை மட்டும் போட்டு மற்ற இரண்டையும் காலியாக விடலாம். செலவு எதுவுமில்லை. இந்த இடம் விடாததால் மறுபடியும் போர்டு அடித்தவன் நான்.

7. ஆன்டெனா

433-க்குக் கால் அலை நீளம் 17.3 சென்டிமீட்டர். ஒரு வயரை 18-ஆக வெட்டிச் சால்டர் செய்து, அளந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள், மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதால் கணக்கைவிடச் சற்றுக் குட்டையாக வந்து நிற்கும். சுருள் ஆன்டெனா இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அது வேலை செய்யும் அலைவரிசை மிகக் குறுகல், கை பட்டாலே விலகும்.

பலர் மறப்பது, ஆன்டெனாவின் மறு பாதி உங்கள் போர்டின் கிரவுண்டு. 17 சென்டிமீட்டர் வயரை 3 சென்டிமீட்டர் போர்டில் நட்டால் ஒரு கால் குட்டையான மனிதன் நடப்பது போலத்தான். மேலே கணக்கில் 5 டெசிபெல் கழித்தது இதற்காகத்தான். போர்டை நீளவாக்கில் வைக்க முடிந்தால் வையுங்கள், ஆன்டெனா அதன் நுனியில், பேட்டரியிடமிருந்து எவ்வளவு தள்ளிப் போகுமோ அவ்வளவு தள்ளி. போர்டிலேயே வரையும் ஆன்டெனா என்றால் அதற்குக் கீழே எந்த அடுக்கிலும் செம்பு கூடாது. என் நான்கு மீட்டர் கதை ஞாபகமிருக்கட்டும்.

அளக்க நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் மலிவான கருவி) போதும், 900 மெகாஹெர்ட்ஸ் வரை நம்பலாம். எஸ்11 அளவு, அதாவது ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சிக்னல், -10 டெசிபெல்லுக்குக் கீழே போனால் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் திரும்பி வருகிறது, அதற்கு மேல் துரத்த வேண்டாம். ஆனால் சின்னப் போர்டில் கோஆக்ஸ் கேபிளைச் சால்டர் செய்த உடனே கேபிளின் வெளிச்சுற்றும் கிரவுண்டோடு சேர்ந்து ஆன்டெனா ஆகிவிடும், திரையில் அழகான வளைவு தெரியும், கேபிளைக் கழற்றியதும் எல்லாம் போய்விடும். போர்டுக்கு அருகே கேபிளின் மேல் சில ஃபெரைட் வளையங்களைக் கோத்துவிடுங்கள். கேபிளைக் கையால் பிடித்துத் தடவும்போது வளைவு ஆடவில்லையென்றால்தான் நம்பலாம். கடைசி அளவை டப்பாவுக்குள் போட்டு, பேட்டரி வைத்து, மூடி மூடிய பிறகு எடுங்கள். பிளாஸ்டிக் பக்கத்தில் வந்தாலே ஒத்ததிர்வு கீழே இறங்கும்.

8. புரோகிராமில் மூன்றே விஷயம்

பிழைச் சரிபார்ப்பு இல்லாமல் எந்தச் செய்தியையும் நம்பாதீர்கள், வெறும் இரைச்சலிலிருந்துகூட ரிசீவர் அவ்வப்போது செய்தி கண்டுபிடித்துத் தரும். நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் சரியாக 60 செகண்ட் வைக்காமல் ஒரு இரண்டு செகண்ட் முன்பின் தற்செயலாக மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு தடவை மோதிக்கொண்ட இரண்டு உணரிகள் மணிக்கணக்கில் மோதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண் அனுப்புங்கள், எத்தனை தொலைந்தது என்று எண்ண வேறு வழியில்லை.

9. சோதனை

முதலில் தொடர்ந்து ஒரே அலையை அனுப்ப வைத்து, கணினியில் செருகும் மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவரில் அதிர்வெண்ணைப் பாருங்கள். அதற்கும் சொந்தப் பிழை உண்டு, தெரிந்த ஒரு சிக்னலை வைத்து அதைத் திருத்திய பிறகே போர்டைக் குறை சொல்லுங்கள். அப்புறம் ஹார்மோனிக், அதாவது அதிர்வெண்ணின் மடங்குகளில் கசியும் அலை: 433.92-ன் இரண்டாவது 867.84-ல் விழும், மூன்றாவது 1301.76-ல். அந்த இரண்டாவது ஹார்மோனிக் நேராக இன்னொருவரின் அலைவரிசையில் உட்காருகிறது. மாதிரி வடிவமைப்பில் உள்ள லோ பாஸ் ஃபில்டரிலிருந்து ஒரு பாகத்தை மிச்சம் பிடிக்கலாமா என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். பக்கத்திலேயே வைத்து அளந்தால் எஸ்டிஆர் திணறி இல்லாத ஹார்மோனிக்கையும் காட்டும், நடுவில் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) போடுங்கள். அட்டெனுவேட்டரை மாற்றும்போது திரையில் சிகரம் அதே அளவு இறங்காமல் அதைவிட அதிகமாக இறங்கினால் அது பொய்.

தூரத்தை அளக்க வெளியே ஓட வேண்டியதில்லை, முதல் நாளே ஓடவும் கூடாது. இரண்டு போர்டையும் கேபிளால் இணைத்து நடுவில் 80, 90, 100 டெசிபெல் என்று அட்டெனுவேட்டர்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு படியிலும் ஆயிரம் செய்தி அனுப்பி எத்தனை தொலைகிறது என்று எண்ணுங்கள், நூற்றுக்கு ஒன்று தொலையும் இடமே உங்கள் உண்மையான உணர்திறன். சிக்னல் கேபிளைவிட்டுக் காற்றில் தாவிச் செல்லாதபடி ஒரு போர்டைத் தகர டப்பாவுக்குள் மூடி வைக்க வேண்டும், பிஸ்கட் டப்பா போதும். இங்கே -105 வந்து வெளியே 30 மீட்டர்தான் வருகிறது என்றால் ஆன்டெனாவைப் பாருங்கள். இங்கேயே -90 என்றால் ஆன்டெனாவைத் தொடாதீர்கள், பவர் இரைச்சல், கிரிஸ்டல், மேட்சிங் என்று உள்ளே தேடுங்கள். இந்த ஒரு பிரிப்பு எனக்கு எத்தனையோ ராத்திரிகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

நிறையப் போர்டு அடிக்கும்போது இதே தகர டப்பாதான் தொழிற்சாலைச் சோதனை. நன்றாக வேலை செய்யும் ஒரு போர்டை நிரந்தரமாக அதற்குள் ரிசீவராக வைத்துவிட்டு, புதுப் போர்டை எப்போதும் அதே இடத்தில் வைத்து நூறு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சிக்னல் பலம் வழக்கத்திலிருந்து 3 டெசிபெல்லுக்கு மேல் விலகினால் தனியே வையுங்கள், அதிர்வெண் பிழையை அப்போதே அளந்து திருத்த எண்ணை எழுதிவிடுங்கள். தனியே வைத்த போர்டுகளை எடுத்ததும் முதலில் லென்ஸில் சிப்பின் வயிற்றுப் பேடையும் மேட்சிங் இண்டக்டர்களையும் பாருங்கள். என் கையில் வந்தவற்றில் பெரும்பாலும் அங்கேதான் சால்டர் சரியாகப் பிடிக்காமல் இருந்தது.